பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிகளில் உணவு சமைக்கும் இடமும் உண்ணும் இடமும் உருவான விதம் குறித்துப் பெங்களூர்த் தமிழ் வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

*கேள்வி: ஐயா, வணக்கம். நான் படித்தது கண்டோன்மென்ட் பகுதியிலுள்ள ஒரு பழைய பள்ளி. ஒரு காலத்தில் அதில் மாணவர் விடுதியும் இருந்தது. ஆண்டு விழா மலருக்காக அதன் சாப்பாட்டுக் கூடத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கத்தார் என்னிடம் ஒப்படைத்துள்ளனர். திறப்பு விழாக் கல்வெட்டு ஒன்றைத் தவிர என் கையில் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? — வாசகர், அல்சூர்*

பதில்: கல்வெட்டில் இருப்பது கட்டடத்தின் வயது. அந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்பும் பிள்ளைகள் பசித்திருப்பார்கள், எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். உங்கள் கட்டுரை அந்த முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் ஊரின் பழைய பள்ளிகளில் பெரும்பாலானவை அக்கம்பக்கத்துத் தெருக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை. மதியம் மணி அடித்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். தொலைவிலிருந்து வருபவர்களுக்கு வீட்டிலிருந்து யாராவது அடுக்குத் தூக்கில் சோறு கொண்டுவருவார்கள்; அதை மரத்தடியிலோ வராண்டாவிலோ வைத்துச் சாப்பிடுவார்கள். ஆகவே, பள்ளியின் பழைய கால அட்டவணை கிடைக்குமானால் முதலில் அதைத் தேடுங்கள். மதிய இடைவேளை எந்த ஆண்டில் குறைக்கப்பட்டதோ, ஏறத்தாழ அந்த ஆண்டில்தான் பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்து, விடுதியின் கணக்கேடுகள். அரிசி எத்தனை மூட்டை, விறகு எத்தனை மணங்கு, பால் எத்தனை படி என்று மாதந்தோறும் எழுதி வைத்திருப்பார்கள். வாசிப்பதற்குச் சலிப்பூட்டும் அந்த ஏட்டில்தான் ஊரின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1940-களின் பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. தென்னிந்தியா முழுவதும் அரிசிக்குப் பங்கீடு வந்தது. பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார், ரவை இட்லி அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் தங்கள் அடுக்களையில் பிறந்தது என்று சொல்வார்கள். உணவகத்துக்கு வந்த நெருக்கடி விடுதிக்கும் வந்திருக்கும். அரிசியின் அளவு குறைந்து, ராகியும் கோதுமையும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1960-களில் இன்னொரு மாற்றம் தெரியும். அமெரிக்க உதவியாகக் கேர் என்னும் தொண்டு நிறுவனம் வழங்கிய கோதுமை ரவையும் பால் பவுடரும் பள்ளிகளுக்கு வந்தன. அந்த ரவையில் கிண்டிய உப்புமாவின் மணத்தை இன்றும் மறக்காத பெரியவர்கள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு அது வந்ததா என்று எழுபது வயதைக் கடந்த பழைய மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பாத்திரங்களையும் விட்டுவிடாதீர்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் அண்டா, குத்துப்போணி, தாம்பாளம் வாங்கிக் கொடுப்பவர்கள் அதில் தங்கள் பெயரையும் ஆண்டையும் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். கல்வெட்டில் கட்டடத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவரின் பெயர் இருக்கும்; அண்டாவின் கழுத்தில், மகனின் நினைவாகவோ பெற்றோரின் நினைவாகவோ கொடுத்த ஓர் எளிய குடும்பத்தின் பெயர் இருக்கும். பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதற்குள் அவற்றைப் படமெடுத்து வையுங்கள்.

தண்ணீரின் வரலாறும் சாப்பாட்டுக் கூடத்தின் வரலாறும் பிரிக்க முடியாதவை. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது 1896-ஆம் ஆண்டில். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தின் நீர் 1933-இலும், காவிரி நீர் 1974-இலும் வந்தன. ஒரே நேரத்தில் நூறு பிள்ளைகள் கை கழுவுவதற்கு வரிசையாகக் குழாய் வைப்பது, நீர் வரத்து உறுதியான பிறகுதான் நடக்கக்கூடிய காரியம். அதுவரை கிணற்றடியில் ஒருவர் வாளியில் மொண்டு ஊற்ற, மற்றவர்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். உங்கள் பள்ளியில் கிணறு இருந்ததா, அது எப்போது மூடப்பட்டது என்பதை எழுதாமல் அந்தக் கட்டுரை நிறைவடையாது.

இன்னும் ஒன்று உண்டு; அதைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். யார் எங்கே உட்கார்ந்தார்கள்? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மைசூர் சமஸ்தானத்தில் மாணவர் விடுதிகள் பல, சாதிவாரியாகத் தத்தம் சமூகத்தார் திரட்டிய நன்கொடையில் நடந்தவை. பொது விடுதிகளிலும் சில இடங்களில் இரண்டு சமையலறை, இரண்டு பந்தி என்ற ஏற்பாடு இருந்திருக்கிறது. உங்கள் பள்ளியின் பழைய வரைபடத்தில் காரணம் விளங்காத ஒரு தனி அறையோ தனி வாசலோ தென்பட்டால் அது எதற்காக இருந்தது என்று விசாரித்து எழுதுங்கள். விழா மலர் என்பதற்காக அதை மறைத்துவிடக் கூடாது. எந்த ஆண்டு, யாருடைய முடிவால் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காரத் தொடங்கினார்கள் என்பது, கட்டடம் திறக்கப்பட்ட நாளைவிடப் பெரிய செய்தி.

*கேள்வி: பள்ளியில் இலவச உணவைத் தொடங்கியவர் காமராசர் என்கிறார் என் கணவர், எம்.ஜி.ஆர். என்கிறார் என் தம்பி. நீதிக்கட்சிதான் முதலில் என்று என் மாணவி ஒருத்தி சொல்கிறாள். எது சரி? — ஓய்வு பெற்ற ஆசிரியை, பிரேசர் டவுன்*

பதில்: மூன்றும் மூன்று வெவ்வேறு கட்டங்கள். 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான பி. தியாகராய செட்டியார் அதன் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்பது வரம்பு. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அந்த ஏற்பாட்டை, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று அன்றைய அரசு ஆட்சேபித்ததால் 1925 ஏப்ரலில் நிறுத்த வேண்டியதாயிற்று. கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அது மீண்டும் தொடங்கியது.

காமராசர் ஆட்சியில், 1956-இல், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களின் பங்களிப்பைத் திரட்ட, மதிய உணவு கிராமங்களுக்குப் பரவியது. முதலில் அது ஊராரின் திட்டம். ஒருவர் அரிசி கொடுப்பார், ஒருவர் விறகு கொடுப்பார், ஒருவர் காய் கொடுப்பார். 1957 நவம்பரிலிருந்து அரசின் மானியம் சேர்ந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் அளவிலேயே வேறானது: முழுப் பொறுப்பையும் அரசு ஏற்றது, பள்ளிதோறும் சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர், பால்வாடிக் குழந்தைகளும் உள்ளே வந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் அது விரிந்தது.

இந்திய அளவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசின் திட்டம் வந்தபோது, பெரும்பாலான மாநிலங்கள் மாதம் மூன்று கிலோ தானியத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பின. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், சமைத்த உணவாகவே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகே நாடெங்கும் பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. கர்நாடகத்தில் 2002-இல் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் பரவிய அட்சர தாசோகம் என்னும் மதிய உணவுத் திட்டத்தின் பின்னணி இதுவே.

ஆகையால் அம்மா, உங்கள் வீட்டில் எவரும் தோற்கவில்லை. இந்த மூன்று கட்டங்களிலும் பேச்செல்லாம் அரிசியையும் பருப்பையும் பற்றியே நடந்திருக்கிறது. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது அந்தப் பேச்சில் பெரிதாக இடம்பெறவில்லை. சத்துணவுக் கூடம் என்று நாம் சொல்வதுகூடச் சமையல் அறையைத்தான்.

*கேள்வி: சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்த ஒரு சாப்பாட்டுத் தகராறுதான் தமிழ்நாட்டு அரசியலையே மாற்றியது என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். ஒரு பள்ளியின் பந்தி அவ்வளவு பெரிய விஷயமா? — கல்லூரி மாணவர், விவேக் நகர்*

பதில்: தாத்தா சொல்வதில் மிகை இல்லை. வ.வே.சு. ஐயர் 1922-இல் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் ஒரு தமிழ்க் குருகுலத்தை நிறுவினார். ஆங்கிலேயர் கல்வி முறைக்கு மாற்றாக, தாய்மொழியில் கற்பித்து, உடலுழைப்பையும் நாட்டுப் பற்றையும் ஊட்டும் பள்ளி என்பது அதன் நோக்கம். நன்கொடை பல சமூகத்தாரிடமிருந்தும் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, அதில் 5,000 ரூபாயைக் கொடுத்திருந்தது. அங்கே பிராமணச் சிறுவர்கள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் விதித்த நிபந்தனைக்கு இசைந்துதான் அவ்வாறு செய்ய நேர்ந்தது என்பது ஐயர் தரப்பின் விளக்கம். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் இரண்டு பந்தி எப்படி இருக்கலாம் என்று டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவும், அன்று காங்கிரஸில் இருந்த ஈ.வெ. ராமசாமியும் கேட்டனர். பத்திரிகைகளில் விவாதம் மூண்டது. காந்தியடிகள் வரை வழக்கு சென்றது.

1925 ஏப்ரலில், தேசியப் பணியில் ஈடுபட்டுள்ள எந்த அமைப்பிலும் பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற கருத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றியது. அதை ஏற்க இயலாத சிலர் செயற்குழுவிலிருந்து விலகினர். ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அந்த ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில், ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய இடம் கேட்ட வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கு உடனடிக் காரணம் அந்தத் தீர்மானம். ஆனால் மனக்கசப்பின் வேர் சேரன்மாதேவியின் சாப்பாட்டுக் கூடம் வரை ஓடுகிறது.

ஐயரின் நாட்டுப் பற்றையும் புலமையையும் நான் மதிக்கிறேன். இருந்தாலும் இந்த விஷயத்தில் கேள்வி எழுப்பியவர்களின் பக்கமே நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடத்தில் எல்லோரும் சமம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்கு இருவரை மட்டும் எழுப்பி வேறு அறைக்கு அழைத்துச் சென்றால், பிள்ளை எதை நம்பும்? பள்ளியில் ஒரு பிள்ளை சாதியைக் கண்ணால் காணும் இடம் பந்தி. அது ஒழிவதைக் காணும் இடமும் பந்திதான். நமக்கு அருகிலேயே, தும்கூரின் சித்தகங்கா மடத்தில், 2019-இல் தமது 111-ஆம் வயதில் மறைந்த சிவகுமார சுவாமிகள் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குச் சாதி மத வேறுபாடு பாராமல் உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்தார். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் சென்று அங்கு மாணவர்கள் பந்தியில் அமர்ந்து சாப்பிடுவதைப் பாருங்கள்.

இது பழங்கதை என்றும் எண்ணிவிட வேண்டாம். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைத்தாள் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுக்கும் பெற்றோரைப் பற்றிய செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

*கேள்வி: என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே, செருப்புகள் கழற்றி விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக் கூடம் கட்டித் தர வேண்டும் என்று சட்டப்படி கேட்க முடியாதா? — ஒரு தாய், ஸ்ரீராமபுரம்*

பதில்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தலைமையாசிரியர் அறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் ஆகியவற்றோடு, பள்ளியிலேயே மதிய உணவு சமைக்கப்படுமானால் ஒரு சமையலறையும் அதில் உண்டு. உண்ணும் கூடம் அந்த அட்டவணையில் இல்லை. மத்திய அரசின் மதிய உணவு விதிகளும் அப்படியே: நூறு பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு 20 சதுர மீட்டரில் சமையலறையும் சேமிப்பு அறையும், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பிள்ளைகளுக்கும் கூடுதலாக 4 சதுர மீட்டர் என்று கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள். அரிசி மூட்டைக்கு அளவு சொன்னவர்கள் பிள்ளைக்கு அளவு சொல்லாமல் விட்டது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஆகவே உரிமையாகக் கேட்க இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. கோரிக்கையாகக் கேட்க வழி உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டித் தருகிறார்கள். பள்ளி மேம்பாட்டுக் குழுவான எஸ்.டி.எம்.சி. தீர்மானம் போட்டு, இடத்தின் அளவோடு விண்ணப்பித்தால் பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அது வரும்வரை செருப்புப் பக்கத்தில் உட்கார வேண்டிய அவசியம் இல்லை. ஜப்பானில் பள்ளி உணவு தொடங்கியது 1889-இல், யாமகத்தா மாகாணத்தின் சுருவோகா என்னும் ஊரில், புத்த பிட்சுகள் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய ஒரு பள்ளியில். 1954-இல் அதற்கென்று தனிச் சட்டமே இயற்றினார்கள். ஆனாலும் அங்கே பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் தனிச் சாப்பாட்டுக் கூடம் கிடையாது, வகுப்பறையிலேயே சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் முறை வைத்துத் தலையில் தொப்பியும் மேலே வெள்ளை அங்கியும் அணிந்து பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து அதே உணவை உண்கிறார், முடிந்ததும் இடத்தைத் துடைத்து வைக்கிறார்கள். உங்கள் மகளின் பள்ளியில் செருப்பு விடும் இடத்தை வாசலுக்கு வெளியே மாற்றி, வராண்டாவைக் கழுவி, ஜமக்காளம் விரித்து, ஆசிரியர் ஒருவர் கூட அமர்ந்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். தலைமையாசிரியரிடம் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.

*கேள்வி: பெங்களூர்ப் பள்ளிகளுக்கு வேனில் சாப்பாடு வருவது எப்போது தொடங்கியது? பள்ளியில் சமைப்பது நல்லதா, பெரிய சமையற்கூடத்திலிருந்து வருவது நல்லதா? — வாசகர், ராஜாஜி நகர்*

பதில்: நீங்கள் கேட்பது உங்கள் பகுதியிலேயே தொடங்கிய கதை. 2000-ஆம் ஆண்டில் பெங்களூர் இஸ்கான் அமைப்பினர் அட்சய பாத்திரம் என்ற பெயரில் ஐந்து அரசுப் பள்ளிகளின் 1,500 பிள்ளைகளுக்கு உணவு அனுப்பத் தொடங்கினர். நகரத்தில் பள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, சமையலறை கட்ட இடமில்லை, விறகு அடுப்பின் புகை வகுப்பறைக்குள் வருகிறது என்ற காரணங்களால் அந்த முறை வேகமாகப் பரவி, இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. பாய்லரிலிருந்து வரும் நீராவியில் அரிசி வேகும். ஆயிரம் லிட்டருக்கும் மேல் கொள்ளும் கொப்பரைகளில் சாம்பார் கொதிக்கும். விடியுமுன் தொடங்கிய சமையல் காலையிலேயே மூடிய பாத்திரங்களில் வேன் ஏறிவிடும். இத்தகைய சமையற்கூடங்களிலிருந்து வரும் உணவு பரிமாறும்வரை 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறக் கூடாது என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி.

எது நல்லது என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு சிறு சமையலறைக்கு இடமும் தண்ணீரும் உள்ள பள்ளியில் அங்கேயே சமைப்பதுதான் சிறந்தது. சூடு குறையாது, ஊர்ப் பெண்கள் சிலருக்கு வேலை கிடைக்கும், பிள்ளையின் தாய் எந்த நேரத்திலும் எட்டிப் பார்க்கலாம், காரம் கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கே சொல்லலாம். மார்க்கெட் சந்துக்குள் இரண்டு அறையில் நடக்கும் பள்ளிக்கு வேன்தான் வழி. அங்கே அதைக் குறை சொல்வது நியாயமன்று. வேனில் வரும் உணவில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்ற மனக்குறை பெங்களூரில் பல ஆண்டுகளாகவே உண்டு; 2018-19-இல் அது பொது விவாதமாகவும் ஆனது. நம் வீடுகளில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயமும் ரசத்துக்குப் பூண்டும் இல்லாமல் நாள் கழியாது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதைக் குறைக்க வேண்டுமென்றால் அவர்களின் நாக்குக்குப் பழகிய சுவையில் சமைக்க வேண்டும்; கொடுப்பவர்களின் உணவுக் கொள்கையைவிட உண்பவர்களின் பசிக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமைப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிச் சமையலர்களுக்கு மத்திய விதிப்படி 2009-இல் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும் என்று நிர்ணயித்தார்கள். மாநிலங்கள் தங்கள் பங்காகச் சேர்த்துக் கொடுப்பதால்தான் அவர்கள் கைக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. பிள்ளைகளுக்காகப் புகையில் நிற்கும் பெண்களுக்கு இது போதவே போதாது.

*கேள்வி: கர்நாடகப் பள்ளிகளில் முட்டை எப்போது வந்தது? — வாசகி, மர்ஃபி டவுன்*

பதில்: தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து என்று உயர்ந்தது. கர்நாடகத்தில் 2013 ஆகஸ்டில் பால் வந்தது. முட்டைக்கு எதிர்ப்பு வலுவாக இருந்ததால் 2021 டிசம்பரில்தான், ஊட்டக்குறைவு மிகுந்த வட கர்நாடக மாவட்டங்களில் முதலில் கொடுத்தார்கள். பிறகு மாநிலமெங்கும் விரிவடைந்து, 2024-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதி உதவியோடு வாரத்தின் ஆறு நாளும் என்றானது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு; முன்பு கடலை மிட்டாயும் கொடுத்தார்கள்.

*கேள்வி: எங்கள் அடுக்ககத்துக்கு அருகிலுள்ள தனியார் பள்ளியின் கேன்டீனில் சிப்ஸும் குளிர்பானமும் விற்கிறார்கள். இதைத் தடுக்க விதி எதுவும் இல்லையா? — வாசகர், மாரத்தஹள்ளி*

பதில்: உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிமுறைப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. கேன்டீன் நடத்துபவர் அந்த ஆணையத்தின் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். முதலில் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

*கேள்வி: எஸ்.டி.எம்.சி. உறுப்பினராக இந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். பள்ளிச் சமையலறையைப் பார்வையிடப் போகும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? — ஒரு தந்தை, கே.ஆர். புரம்*

பதில்: இரண்டு துயரங்களை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையலறையில் பற்றிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி, மாடி வகுப்பறைகளில் இருந்த 94 குழந்தைகளைப் பலி கொண்டது. 2013-இல், அதே ஜூலை 16 அன்று, பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. முதலாவது இடத்தின் குறையால் நேர்ந்தது. இரண்டாவது பொருளைக் கையாண்ட முறையின் குறையால் நேர்ந்தது.

எனவே முதலில் கூரையையும் வாசலையும் பாருங்கள். சமையலறை வகுப்பறையோடு ஒட்டியிருக்கக் கூடாது. கூரையில் எளிதில் தீப்பற்றும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. காஸ் சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். அதன் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். தீயணைக்கும் கருவி இருந்தால் மட்டும் போதாது. அதை இயக்கச் சமையலருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பிள்ளைகள் வெளியேறும் வழியில் மேசையோ மூட்டையோ போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்துச் சேமிப்பு அறை. எண்ணெய், பருப்பு, மாவு ஆகியவை முத்திரையிட்ட பொட்டலத்தில், தேதியோடு இருக்கட்டும். காலியான எந்த டப்பாவையும், அது முன்பு எதற்குப் பயன்பட்டது என்று தெரியாத நிலையில், உணவுப் பொருளுக்குப் பயன்படுத்த விடாதீர்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர், பூச்சிமருந்து ஆகியவை அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். அரிசி மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியராவது உணவைச் சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் பதினோரு மணிக்குப் போய் அந்தப் பதிவேட்டைப் பாருங்கள். மாதம் முழுவதும் ஒரே மையில், ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் சுவைக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். பரிமாறும் நேரம்வரை இருந்து, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கும் குழம்பும் காயும் போய்ச் சேருகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கண்டதை அன்றே எஸ்.டி.எம்.சி. கூட்டப் பதிவேட்டில் தேதியோடு எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது எது சரிசெய்யப்பட்டது, எது அப்படியே இருக்கிறது என்று கேட்பதற்கு அந்த எழுத்து உதவும்.